மணி அடிக்காத மதியம்

“விசிறி அழுகுது சிஸ்டர்” என்றாள் ஞானப்பூ. “எங்க வீட்டுக்காரர் பயப்படுறார். சாவு வீட்டுச் சத்தமா கேக்குதாம்.”

சிஸ்டர் லெயோனி மடத்துப் பயிற்சிக்கூடத்தில் மின்னணு வேலை கற்றுக்கொடுப்பவர். ஞானப்பூவுக்குத் தங்கை வயது.

கணவர் சவரிமுத்து பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடந்தார். சிஸ்டரிடம் கற்றதை வைத்து, அவருக்காக ஞானப்பூவே ஒரு பெட்டி செய்திருந்தாள். அது விசிறியை மெல்லச் சுழற்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்ததும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் உடம்பு புண்ணாகிவிடும்.

“பெட்டியில இருக்கிற சிப், விசிறியை நிறுத்தி நிறுத்திப் போடுது” என்றார் சிஸ்டர். “நொடிக்கு ஆயிரம் தடவை. அந்தத் துடிப்புதான் அழுகை.”

“நான் என்ன செய்யட்டும்?”

“துடிப்பை எண்ணுறது டைமர். அதை மெதுவா எண்ணச் சொல்லுங்கக்கா.”

மறுநாள் காலை அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, கணினியில் ஒரு வரியை மாற்றிச் சிப்பில் ஏற்றினாள்.

அழுகை நின்றது.

“மாதாவே” என்று கும்பிட்டாள்.

மதியம் பாயசக் கிண்ணத்தோடு மடத்துக்கு வந்தாள்.

“சத்தமே இல்லை சிஸ்டர். காலையிலேர்ந்து அசந்து தூங்குறார். துணி துவைச்சு, சமைச்சு, பாயசமும் வச்சுட்டேன்.”

சிஸ்டரின் கரண்டி பாதியில் நின்றது.

“மணி அடிச்சுதா?”

“இன்னும் நேரம் ஆகலை போல.”

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஞானப்பூவும் பார்த்தாள்.

“சிப்புக்குள்ள டைமர் எத்தனை?”

“மூணு.”

“எதை மெதுவாக்குனீங்க?”

“விசிறி ஒயர் இருக்கிறதை. முதலாவதை.”

“மணிக்கு நேரம் எண்ணுறது எது?”

ஞானப்பூ வாசல் பக்கம் திரும்பினாள்.

“அதுவும்... அதேதான். அப்போ மணியும் மெதுவாத்தான் வரும்.”

ஓடினாள். மடத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரும் பின்னாலேயே ஓடினார்.

விட்டுப்போன அதே பக்கமாகக் கிடந்தார் சவரிமுத்து.

“ஏங்க.”

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏங்க! ஏசுவே... ஏங்க!”

அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன, எனக்குச் சொல்லாம ஜெபக்கூட்டமா?”

அவள் சிரிக்கவில்லை. சேர்ந்து புரட்டினார்கள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. சிஸ்டர் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்தது. மெல்ல மறுபடி சிவந்தது.

“ரத்தம் ஓடுது. தோல் உடையலை.”

ஞானப்பூ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிஸ்டர் முதல் டைமரைப் பழையபடி எண்ண விட்டார். விசிறி ஒயரை இரண்டாவது டைமருக்கு மாற்றி, அதை மட்டும் மெதுவாக்கினார். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது.

ஞானப்பூ பெட்டியையே பார்த்தாள்.

“இனிமே மணி சரியா அடிக்குமா சிஸ்டர்?”

“அடிக்கும்.”

“நம்பலாமா?”

சிஸ்டர் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டார்.

“நம்பிக்கிட்டே உட்காருங்கக்கா.”