கொடுக்கிறவர் வீட்டு நெட்

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நெட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். சிலர் கொடுப்பார்கள், சிலர் பக்கத்து வீட்டுக்குக் கடத்திவிடுவார்கள், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தலைவர் என்று யாரும் கிடையாது.

மாடிவீட்டு சடகோபனுக்கு அது பொறுக்கவில்லை. இஸ்திரிக் கடை வாசலில் கூட்டம் போட்டார். துபாய் மகனை வீடியோவில் வைத்துக்கொண்டே, "இனி நான்தான் தலைவர்" என்றார்.

கடைக்கார ரோசம்மாள் பணிவாகக் கேட்டாள்: "தலைவர் யாருகிட்டயும் கை நீட்டக் கூடாதுங்களே சார்?"

"நான் எதுக்கு நீட்டணும்? கொடுக்கிறவனே நான்தான்."

"அப்ப சரி" என்று, அவர் வீட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்த தன் நெட் பெட்டியை அணைத்தாள்.

மற்ற எல்லார் போனும் ஓடியது. சடகோபன் போனில் மட்டும் மகன் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டான். தெருவே சிரித்தது.

ரோசம்மாள் நெட் பெட்டியைத் திரும்பப் போட்டாள். மகன் அசைந்தான்.

"கட்டாயிடுச்சுப்பா. 'கொடுக்கிறவனே நான்தான்'னீங்க. அப்புறம்?"