பூங்காவில் நாய் கயிற்றை இழுப்பது ஏன்

நாய்க்குப் பேச்சும் மனிதருக்கு மோப்பமும் இருந்த அந்தக் காலத்தில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு நகரம் இருந்தது. அந்த நகரத்து மனிதர்களின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. நாலு தெரு தள்ளி யார் வீட்டில் என்ன குழம்பு, அதில் பெருங்காயம் போட்டார்களா மறந்தார்களா என்று படுத்த பாயிலிருந்தே சொல்லிவிடுவார்கள். கண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். தெருமுனை வரைக்கும்தான் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் ஒரே புகைமூட்டம்.

நாய்க்கு நேர் எதிர். மூக்கு என்று ஒன்று முகத்தில் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, காய்ந்த புளியங்கொட்டை மாதிரி. ஆனால் கண் ஆற்றைத் தாண்டும், வயலைத் தாண்டும், மலையில் மேய்கிற ஆட்டின் தாடி வரை போய் நிற்கும்.

நகரத்தின் நடுவில் ஒரு பெரிய பூங்கா. மருதமும் புங்கையும் மகிழமும் அடர்ந்த பூங்கா. அதன் மத்தியில் ஓர் உயரமான மேடு. சாயங்காலம் ஆனால் நகரத்து மனிதர்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறுவார்கள். காட்சி பார்க்கத்தான். பார்ப்பது நாய், கேட்பது மனிதர். “சூரியன் மலையைத் தொட்டாச்சு” என்று நாய் சொல்லும். “அப்புறம்?” என்பார் மனிதர். “வானம் பாதி மஞ்சள், பாதி செம்பருத்திக் கலர்.” மனிதர் கண்ணை மூடிக்கொண்டு “அடடா” என்பார். நாய் இல்லாமல் தனியாக வந்தால் வாயிற்காவலர் உள்ளே விடவே மாட்டார். “காட்சி சொல்ல ஆள் இல்லாம மேட்டுல ஏறி என்ன பண்ணப்போறீங்க? இடத்தைத்தான் அடைப்பீங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தப் பூங்காவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் சண்டை போட்டு ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தால் நேரே வீட்டுப் படி ஏற மாட்டார்கள். ரோஷம். பூங்காவில் ஏதாவது ஒரு மரத்தடியில் போய் உட்காருவார்கள். வீட்டு மனிதர் அங்கே வந்து கையைப் பிடித்து “வா” என்று கூப்பிட வேண்டும். பூங்கா வாசலில் விளக்கேற்றும் வரை யாரும் வராவிட்டால், வேண்டாம் என்று விட்டார்கள் என்று அர்த்தம். எழுந்து போய்விட வேண்டியதுதான். மோப்பம் இருந்த காலமாகையால் இதில் பெரிதாகச் சிக்கல் வந்ததில்லை. தன் மனிதர் உள்ளே இருந்தால் வாசலில் கால் வைத்ததுமே மணத்துவிடும்.

கடைத்தெருவில் பவளாயி என்று ஒருத்தி ஆப்பக்கடை வைத்திருந்தாள். கூடவே தங்கை மருதாயி. பவளாயியின் மூக்கு நகரத்திலேயே பெரிய மூக்கு. அளவில் அல்ல, அதிகாரத்தில். தங்கை அரைத்தால் மாவு கொஞ்சம் முந்திப் புளிக்கிறது, தங்கை துலக்கினால் சட்டியில் நேற்றைய எண்ணெய் நிற்கிறது என்று காலையிலிருந்து ராத்திரி வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, “இது மனுஷன் திங்கிற மாவா?” என்று கேட்டு, மருதாயி விடிவதற்குள் எழுந்து அரைத்த மாவைச் சட்டியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

மருதாயி கையைக் கழுவினாள். துணிமூட்டையைக் கட்டினாள். துறைக்குப் போய்ப் படகில் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து பவளாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுவாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்பாள். ஆப்பம் கருகும். அவளுக்கு முதலில் மணக்கும், ஆனாலும் கை போகாது. சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்திருந்து, அடுப்பை அணைத்தும் அணைக்காமலும் செவலையைக் கூப்பிட்டுக்கொண்டு பூங்காவுக்கு ஓடுவாள். செவலை அவள் வீட்டு நாய். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவாள். மருதாயி இல்லை. படகில் போனவள் படகில்தானே வருவாள்? அதனால் மேட்டுக்கு ஏறுவாள்.

“படகு வருதாடா?”

“வருது அக்கா.”

“யார் இருக்கா?”

“வைக்கோல்.”

“வைக்கோலுக்குப் பின்னாடி பாரு.”

“பின்னாடியும் வைக்கோல்தான் அக்கா.”

கீழே இறங்குவாள். பாதி வழியில் நின்று மறுபடி ஏறுவாள். “இப்போ பாரு.” இப்படியே தினமும். செவலைக்கும் கால் ஒரு இடத்தில் நிற்காமல் போயிற்று. அவள் பரபரப்பு அதற்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் பவளாயி மேட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். “உனக்கு அக்கறை இல்லடா. கொக்கு பறந்தா உன் கண்ணு கொக்கு பின்னாடி போயிடுது. நானே பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும். உன் கண்ணைக் கொஞ்ச நேரம் இரவல் குடு.”

அந்தக் காலத்தில் உடம்பில் இருப்பதை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பது உண்டு. நெற்றியோடு நெற்றி முட்டி “எடுத்துக்கோ” என்றால் போதும்.

“கண்ணைக் குடுத்துட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?” என்றது செவலை. “உன் மூக்கைக் குடு.”

அழுதுகொண்டிருந்தவளின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே நெற்றியை முட்டிக் கொடுத்துவிட்டாள். நாயின் மூக்கு எப்போதும் ஈரமாக இருப்பது அதனால்தான் என்பார்கள்.

பவளாயி கண்ணைத் திறந்தாள்.

அடி ஆத்தாடி! ஆறு என்பது இவ்வளவு பெரிதா? அது வளைகிற இடத்தில் வெள்ளிக்கொலுசு மாதிரி மின்னுகிறதே! மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்குப் பின்னால் நீலமாக ஒன்று! கொக்குகள் வரிசை வரிசையாகப் போகின்றன. இத்தனை நாளாக இந்தச் செவலைப் பயல் “வானம் மஞ்சள்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டானே! அவள் இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

அதே நேரம் செவலையின் பாடு பெரும்பாடாக இருந்தது. ஆயிரம் வாசனை ஒன்றாக மூக்கில் மோதின. எது எது என்று பிரிக்கத் தெரியாமல் திணறியது.

“அக்கா, கீழே ஏதோ மணக்குது. உன் மணம் மாதிரியே இருக்கு. ஆனா உன்னுது இல்ல.”

“அது என் மூக்குடா. என் மணம்தான் அடிக்கும்.”

“இல்லக்கா, இது அசையுது. ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்குப் போகுது. கொஞ்சம் உப்பு மணம், கொஞ்சம் வேர்வை...”

“செவலை! நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்ல? சித்த நேரம் சும்மா இரேன்!”

செவலை அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. பல்லால் சேலையைப் பிடிக்கலாமா என்று யோசித்தது, மரியாதைக்குப் பயந்து விட்டுவிட்டது. மறுபடி “அக்கா” என்றது. அவள் காதில் விழவில்லை. நகரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, துறையில் ஒன்று, பூங்கா வாசலில் ஒன்று. எல்லாம் எவ்வளவு அழகு என்று நின்றாள்.

வாசலில் விளக்கு எரிகிறது என்பது அவள் புத்திக்கு எட்டவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆற்றைப் பார்த்தாள். துறையை விட்டு ஒரு படகு கிளம்பிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒருத்தி மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நாயின் கண் எதையும் மறைக்காமல் காட்டியது. மருதாயியேதான். கன்னத்தில் ஈரம் காயாமல் இருந்ததுகூடத் தெரிந்தது.

பவளாயி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். துறைக்குப் போய், “மருதாயீ! அடியே மருதாயீ!” என்று கத்தினாள். எதிர்க்காற்று. படகு வளைவைத் தாண்டிவிட்டது. துறையில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள், அந்தப் பெண் உப்பு வண்டிகளோடு நடந்து வந்து பின்வாசல் வழியாகப் பூங்காவுக்குள் போனதாக.

திரும்பி வந்தபோது செவலை மரங்களுக்கு நடுவே தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கு மணம் பிரிக்கத் தெரிந்துவிட்டது.

“இந்தப் புங்கை மரத்தடியிலதான் முதல்ல உட்கார்ந்திருக்கா. இருக்க முடியல. வாசல் தெரியுதான்னு அந்த மரத்துக்குப் போயிருக்கா. அப்புறம் இங்க. மறுபடி அங்க. இந்த மகிழமரத்துல சாஞ்சு அழுதிருக்கா.”

பவளாயி மகிழமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு மணமும் தெரியவில்லை. “என் மூக்கைக் குடுத்துடுடா. இந்தா, உன் கண்ணை எடுத்துக்கோ. இனிமே எனக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம்.”

“தரமாட்டேன்” என்றது செவலை. “மாவு புளிச்சுதுன்னு சொல்லித் துரத்துனது இந்த மூக்குதானே? இது உன்கிட்ட இருந்தா அவ வந்தாலும் தங்க மாட்டா. கண்ணை நீயே வச்சுக்கோ. எனக்கும் வைக்கோல் படகைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. இன்னொண்ணும் சொல்லிடறேன் அக்கா. எத்தனை தடவை வாயால சொன்னேன், கேட்டியா? இனி நான் பேசப்போறதில்ல. ஒரு கயிறு எடுத்துட்டு வா. ஒரு முனை என் கழுத்துல, மறு முனை உன் கையில. என்னைக் கட்டிப்போடறதுக்கு இல்ல. நான் உன்னை இழுக்கறதுக்கு.”

அதுதான் செவலை பேசிய கடைசிப் பேச்சு.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. பவளாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தினமும் பூங்காவுக்குப் போனாள். அவளுக்கு மேட்டுக்கு ஏறும் அவசரம், நாய்க்கு மரத்தடிகளைப் பார்க்கும் அவசரம். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் சிரிக்கும்படி போவார்கள்.

ஒரு சாயங்காலம் பவளாயி மேட்டில் நிற்கும்போது ஒரு படகு வந்தது. முன்பக்கம் ஒருத்தி பனிக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அதே தோள், அதே சாய்வு. கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் போதும், தெரிந்துவிடும்.

அப்போதுதான் கயிறு வெட்டி இழுத்தது. துறைப் பக்கம் அல்ல, நேர் எதிரே.

“விடுடா! அவ வர்றாடா, படகுல வர்றா!”

செவலை நாலு காலையும் மண்ணில் ஊன்றி இழுத்தது. கழுத்து இறுகி, நாக்கு வெளியே வந்து, மூச்சுத் திணறியும் விடவில்லை. கீழே வாயிற்காவலர் எண்ணெய்க் கிண்ணத்தோடு விளக்குத்தூணுக்குப் போய்க்கொண்டிருந்தார். படகில் இருந்தவள் இதோ திரும்பப்போகிறாள். பவளாயிக்கு ஒரு கண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்றுக்கு முதுகைக் காட்டினாள். கயிறு போன பக்கம் ஓடினாள்.

பின்வாசலுக்குப் பக்கத்தில், ஒரு மருதமரத்தடியில், மருதாயி எழுந்து நின்று மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பவளாயி அந்தக் கையைப் பிடித்தாள். “வாடி” என்றாள்.

“போன தடவையும் வந்தேன்” என்றாள் மருதாயி. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை.

“தெரியும்.”

“ஏன் வரல?”

பொய் சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். பவளாயி உண்மையைச் சொன்னாள். “அழகா இருந்துச்சுடி. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்.”

மருதாயி அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். “கிட்ட வராதே அக்கா, ஊரெல்லாம் நடந்து வந்திருக்கேன், வேர்வை நாறுது” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலடி” என்று பவளாயி இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் செவலையின் முன்னால் மண்டியிட்டு, “உன் கண்ணைத் திருப்பிக் குடுத்துடறேன், வா” என்று நெற்றியை நீட்டினாள். செவலை அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. அங்கே வேறு யாரோ, வேறு யாருடனோ கோபித்துக்கொண்டு வந்தவர், வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் நகரம் முழுக்கப் பரவியது. காட்சியைத் தன் கண்ணாலேயே பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? எல்லாரும் தங்கள் நாயோடு நெற்றி முட்டினார்கள். நாய்களும் செவலையைப் போலவே பேச்சை விட்டுவிட, எல்லாரும் ஆளுக்கொரு கயிறு வாங்கினார்கள்.

அன்று முதல்தான் எந்த ஊர்ப் பூங்காவிலும் மனிதர் காட்சி பார்த்து நின்றுவிடுகிறார்கள். நாய் மட்டும் யாராவது காத்திருக்கிறார்களா என்று மரம் மரமாக முகர்ந்து, விளக்கேற்றும் முன்னே வந்துவிடு என்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது.