முதுகில் பெட்டி சுமந்த ஆமை

வங்கக் கடலில் நீலாயி, செவ்வந்தி என்று இரண்டு பங்குனி ஆமைகள் கரை தேடி நீந்திக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் வயிறு நிறைய முட்டை. கரை மணலில் இட்டால்தான் குஞ்சு பொரியும். தண்ணீரில் விழுந்தால் மீனுக்குத்தான் தீனி!

நீலாயிக்குத் தலைகால் புரியாத பெருமை. போன வருடம் கரைக்கு வந்தபோது, மனிதர்கள் அவள் முதுகில் ஒரு பெட்டியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். "இது செயற்கைக்கோளோடு பேசும். இனி இவள் எந்த மூலையில் இருந்தாலும் தெரிந்துவிடும்!" என்று அவர்கள் சொன்னதைக் காதாரக் கேட்டவள் அவள்.

செவ்வந்தியோ மூச்சுவிடத் தலை தூக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தாள்.

"காலை வெயில் முதுகில் பட வேண்டும், மாலை வெயில் முகத்தில் பட வேண்டும். கரை அந்தப் பக்கம்தான். நீரோட்டம் நம்மை வடக்கே இழுக்கிறது, திரும்புடி!"

"செயற்கைக்கோளே என் முதுகோடு பேசுகிறது! நான் போய்ச் சூரியனைக் கேட்பேனா? வேண்டுமானால் நீ போ!"

செவ்வந்தி போய்விட்டாள். அவளுக்குத் தன் முட்டைகள்தான் பெரிது.

நீலாயி நீரோட்டத்தோடு போனாள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். கரையைக் காணோம். வயிறு கனத்தது. இருப்புக் கொள்ளவில்லை. இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள்.

"எந்தப் பக்கம்? சொல்லித் தொலையேன்!" என்று பெட்டியைக் கெஞ்சினாள். பெட்டி வாயே திறக்கவில்லை.

அப்போது ஓர் ஆலாப் பறவை வந்து பெட்டிமேல் உட்கார்ந்தது.

"யாரிடம் கத்துகிறாய்?"

"இந்தப் பெட்டியிடம்தான்! நான் இருக்கும் இடம் இதற்குத் தெரியுமாம்!"

ஆலா சிரித்துவிட்டது. "தெரியும்தான். அதைக் கரையில் இருப்பவர்களுக்கல்லவா சொல்லும்! உனக்கு எங்கே சொல்லும்?"

"அப்படியானால் அவர்கள் வந்து கூட்டிப்போவார்களா?"

"வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். 'ஐயோ, வழி தப்பிவிட்டாளே!' என்று வருத்தப்படுவார்கள்."

நீலாயிக்கு அழுகை முட்டியது. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேராக முகத்தை வைத்து, விழுந்தடித்துக்கொண்டு நீந்தினாள். வழியிலேயே பாதி முட்டைகள் நழுவிப் போயின. பின்னால் மீன்கள் மொய்க்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருவழியாகக் கரை சேர்ந்து, மிஞ்சியதை மணலில் இட்டு மூடினாள். பெட்டி அப்போதும் அவள் இருக்கும் இடத்தைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நாம் இருக்கும் இடம் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தாலும், போக வேண்டிய வழியை நாம்தான் கண் திறந்து பார்க்க வேண்டும்.