ஒன்பது நிலை மாடம் மூச்சு விட்ட கதை

அந்தக் காலத்தில் புறாக்களுக்கு நன்றாகப் பேச வரும். நிறுத்தத்தான் வராது. அவை ஊருக்குள் வந்ததில்லை. கடலோரக் கரும்பாறைக் குன்றின் வெடிப்புகளில் கூட்டமாக இருந்துகொண்டு, விடிந்ததிலிருந்து வெயில் சாயும்வரை பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள் காதில் துணி அடைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குன்றைத்தான் சங்குமேட்டின் கப்பல் வணிகர் அம்பலவாணர் வெட்டி எடுத்தார். கடலில் வருகிறவர்களுக்குக் கரை தெரிவதற்கு முன்பே தம் வீடு தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ஒன்பது நிலை மாடம். மூன்று நிலைக்கு மேல் அதுவரை யாரும் கட்டியதில்லை.

நான்காம் நிலை எழும்பியபோது, விழுந்துவிடும் என்றார்கள் ஊரார். ஆறாம் நிலையில் பேச்சு நின்றது. எட்டாம் நிலையில் வெளியூர்க்காரர்கள் கட்டுச்சோற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தே அம்பலவாணருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துத்தான் மேற்பார்வை செய்தார். நாலு பேர் அந்தக் கட்டிலை மாடத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

பூச்சுவேலைக்காரி மூக்காயிக்கு வேலை கடைசியில்தான். சுவர் எழும்பும்போது சாரக்கட்டைகளைச் செருகுவதற்கு அங்கங்கே பொந்து விட்டுக் கட்டுவார்கள். வேலை முடிந்தபின் சாரத்தை மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். கட்டையை உருவியதும் அந்தப் பொந்தைக் கல்லும் சாந்தும் வைத்து அடைத்து, முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசித் தேய்க்க வேண்டும். சாரம் இறங்கிவிட்டால் திரும்ப அங்கே கை எட்டாது. மூக்காயி அடைத்த பொந்து எங்கே இருந்தது என்று மறுநாள் அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்ட கை.

"சுவர் முட்டை ஓடு மாதிரி இருக்கணும்," என்று கட்டிலிலிருந்து சொல்லியிருந்தார் அம்பலவாணர். "ஒரு பொந்து என் கண்ணில பட்டுதோ, இந்தக் கரையில நீ இனிமே கொத்துக்கரணை பிடிக்க முடியாது."

புதுமனை புகுவதற்கு நான்கு நாள் இருந்தது. ஏழாம் நிலையில், கடலைப் பார்த்த சுவரில், உளுத்துப்போன கட்டை ஒன்றை ஒரு மாதத்துக்கு முன்பே உருவி எடுத்திருந்தார்கள். அந்தப் பொந்தில் சாந்தை வைக்கப்போன மூக்காயியின் விரலில் நறுக்கென்று ஒரு கொத்து விழுந்தது.

"கையை எடு," என்றது உள்ளேயிருந்த புறா. "முட்டை இருக்கிறது."

"முட்டையா? இங்கேயா?"

"வேறு எங்கே போய் இடுவது? எங்கள் பாறையைத்தான் இங்கே கொண்டுவந்து நிமிர்த்தி வைத்திருக்கிறீர்களே. இதோ, இந்தக் கல்லில்தான் என்னை என் அம்மா பொரித்தாள்."

மூக்காயி கல்லைப் பார்த்தாள். அதில் எச்சத்தின் பழைய வெள்ளைத் தடம் இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள்; போகவில்லை.

கீழ்ப்பலகையிலிருந்து சடையன் கத்தினான். சாரம் கட்டுகிறவன், அவளுடைய கொழுந்தன். "மதினி! அங்கே என்ன குடும்பம் நடத்துறீங்களா? கயித்தை அவிழ்க்கணும்!"

"இருடா!" என்றவள் புறாவிடம் திரும்பினாள். "எப்பப் பொரிக்கும்?"

"பொரிக்கப் பத்து நாள். பறக்க ஒரு மாதம்."

"எனக்கு நாலு நாள்தான் இருக்கு."

"அப்படியென்றால் பூசிவிடு. என்னையும் சேர்த்துப் பூசு," என்றது புறா. அது நகரவில்லை. மூக்காயி கரணையில் இருந்த சாந்து காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கீழே தட்டிவிட்டாள். அது சடையன் தலையில் விழுந்தது.

"நான் அடைக்கலை," என்றாள். "ஆனா நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. உன் பேச்சு கேட்டுதுன்னா நாளைக்கே என்னைத் துரத்திருவாங்க."

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒண்ணு கூட."

"சொல்ல வந்துவிட்டால்?"

"முழுங்கு."

புறாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆனாலும் முட்டைகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. மூக்காயி இறங்கினாள். சடையன் சாரத்தைப் பிரித்தான்.

புதுமனை புகும் நாளில் மேளம் முழங்கியது. கட்டில் மாடத்தைச் சுற்றி வந்தது. கடல் பக்கம் வந்ததும், "நிறுத்து!" என்றார் அம்பலவாணர். மேளமும் நின்றுவிட்டது.

"மூக்காயி. அது என்ன?"

அவள் வாய் திறப்பதற்குள், "என்னை மேலே தூக்குங்கடா," என்றார். ஏழு நிலைப் படிகளையும் நாலு பேர் கட்டிலோடு ஏறினார்கள். பின்னால் ஊரே ஏறியது. பொந்து உள்ளே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சுவரின் உட்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, அவர் காதை வைத்தார்.

உள்ளே புறாவுக்குப் பேச்சு தொண்டை வரை வந்துவிட்டது. இது எங்கள் பாறை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கழுத்தை உப்பிக்கொண்டு அத்தனையையும் விழுங்கியது. க்கும்... க்கும்... என்று ஒரு சத்தம் கல்லுக்குள் உருண்டது.

"உள்ளே யாரு?" என்றார் அவர்.

மூக்காயி ஒரு துணிச்சலில், "மாடம்தான் ஐயா. மூச்சு விடுது," என்றாள்.

அவர் நெடுநேரம் கேட்டார். பிடித்த கழுத்தை மறந்து மறுகாதையும் திருப்பி வைத்துக் கேட்டார். முகம் குழந்தை முகம்போல ஆகிவிட்டது. எழுந்து எதிர்ச்சுவருக்கு நடந்தார். அங்கே சத்தம் இல்லை.

"இது ஏன் சும்மா இருக்கு?"

"இதையெல்லாம் அடைச்சாச்சு ஐயா."

"யாரு அடைக்கச் சொன்னது?"

"நீங்கதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அம்பலவாணரும் சிரித்தார். "எல்லாத்தையும் திற," என்றார். "ஒன்பது நிலையும் மூச்சு விடணும்."

"மறுபடியும் சாரமா!" என்று சடையன் தலையில் கை வைத்தான். நான்கு நாள் ஆகியும் சாந்து அவன் முடியில் இருந்தது. எங்கே அடைத்தோம் என்று தெரியாமல் மூக்காயி சுவர் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பொந்தைத் திறக்கும்போதும், உடைந்த குன்றிலிருந்து ஒரு சோடி வந்து உட்கார்ந்தது. ஏழாம் நிலைப் புறா ஒவ்வொன்றின் காதிலும் நிபந்தனையைச் சொன்னது. அதுதான் அது சொன்ன கடைசி வார்த்தை.

அன்று முதல்தான், மனிதர்கள் எவ்வளவு உயரமாக எதைக் கட்டினாலும், கண்ணாடி பதித்து நாற்பது மாடி எழுப்பினாலும், அவர்கள் பால் காய்ச்சுவதற்கு முன்பே ஏதோ ஓர் இடுக்கில் ஒரு புறா குடிவந்துவிடுகிறது. கழுத்தை உப்பிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்குகிறது.