மூன்றாம் பகுதியில் எழுந்து போனவர்

"எழுதறதை நிறுத்திட்டேன், டீச்சர்" என்றார் ஒவிடியு.

வெதூரியா மாணவர்களின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்போதிலிருந்து?"

"நேத்திலிருந்து."

ஒவிடியுவுக்கு ஐம்பத்தொரு வயது. ருமேனியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் திமிஷோவாரா நகரில், பள்ளிக்கூடப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். இசை எழுதும் ஆசை நாற்பதுக்கு மேல்தான் வந்தது. வெட்கத்தை விட்டு இசைக் கல்லூரியில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் எடுத்த வெதூரியா அவரைவிட ஆறு வயது இளையவர். அன்றிலிருந்து அவருக்கு டீச்சர் என்றால் வெதூரியாதான்.

இரண்டு வயலின், சற்றே பெரிய ஒரு வியோலா, தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. இந்த நான்குக்கும் சேர்த்து, பல பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட படைப்பை அவர் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தார். ஞாயிறு மதியம் அது அரங்கேறியது.

"இருநூறு நாற்காலி. பதினொரு பேர்" என்றார் ஒவிடியு.

"ம்."

"வர்ற ஞாயித்துக்கிழமை இத்தாலிக்குக் கிளம்பறேன். மச்சான் அங்கே ஒரு கிடங்கில வேலை பார்த்து வெச்சிருக்கான். என் பியானோவை விலைக்குக் கேட்டு நாளைக்கு ஆள் வருது."

வெதூரியா பேனாவை மூடினார்.

"பதினொரு பேர்ல உங்களை ரொம்ப நோகடிச்சது யாரு?"

ஒவிடியுவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆறாவது வரிசையில ஒரு அம்மா. டிராம் ஓட்டறவங்க போடற நீலச் சட்டை. மூணாம் பகுதி நடக்கும்போது எழுந்து போயிட்டாங்க. கதவு சத்தம் கேட்டு செல்லோக்காரரே திரும்பிப் பார்த்தார்."

"சரி. இத்தாலிக்குப் போங்க. அதுக்கு முன்னாடி அந்த அம்மாவைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"எதுக்கு? இன்னொரு தடவை அவமானப்படவா?"

வெதூரியா ஏற்கனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் தேடினார்கள். வகுப்பு முடிந்ததும் வெதூரியா வருவார். இருவரும் ஏதாவது ஒரு டிராமில் ஏறுவார்கள். ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார்கள். பயணிகள் ஒருமாதிரி பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் ஒவிடியு கேட்டார்: "பியானோ பார்க்க வந்த ஆளை நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன். இது தேவையா, டீச்சர்?"

"உங்களுக்கு ஜன்னல் பக்கம் வேணுமா?" என்றார் வெதூரியா.

மூன்றாம் நாள், புதன்கிழமை, ஒரு டிராம் கடைசி நிறுத்தத்துக்கு வந்து நின்றது. பயணிகள் இறங்கிப் போனார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்மணி பன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதான்" என்றார் ஒவிடியு.

வெதூரியா ஏறிப்போய் வணக்கம் சொன்னார். "ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு வந்திருந்தீங்களாமே. அந்த இசையை எழுதினவர் இவர்தான்."

அந்த அம்மாவின் பெயர் அக்லாயா. பன்னை அவசரமாக மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஐயோ சார், மன்னிச்சுக்குங்க. நான் கச்சேரிக்குன்னு வரலை. வெளியே மழை. உள்ளே இலவசம்னு போட்டிருந்தது. நாலு மணிக்கு எனக்கு ஷிப்ட். எழுந்திருக்கணும், எழுந்திருக்கணும்னு நினைச்சு நினைச்சு உட்கார்ந்துட்டேன். கடைசியில ஓடினேன். அப்பவும் ஆறு நிமிஷம் தாமதம். சூப்பர்வைசர் கத்தினார்."

ஒவிடியுவும் ஏறி உள்ளே வந்தார்.

"எது உங்களை உட்கார வெச்சது?" என்று வெதூரியா கேட்டார்.

"எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதும்மா. அந்தப் பெரிய வயலின் ஒண்ணு வாசிச்சுதே, அது. அன்னிலேர்ந்து வண்டி ஓட்டும்போதெல்லாம் அதுதான் வாயில வருது."

"பாடுங்களேன்."

அக்லாயா வெட்கப்பட்டார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் முனகினார்.

ஒவிடியு எழுதியதில் அந்த மெட்டு படிப்படியாகக் கீழே இறங்கி, செல்லோவின் அடிக்குரலில் அடங்கிவிடும். இருபது வருஷம் சுருதி சேர்த்த காது அவருடையது. முதல் சுரமே சரியில்லை என்று அதற்குப் பட்டது. மூன்றாவதும் சரியில்லை. பிறகு, அடங்க வேண்டிய இடத்தில் அக்லாயா அடங்கவில்லை. அங்கே ஒரு கணம் நின்றார். நின்ற இடத்திலிருந்து மெதுவாக, தயங்கித் தயங்கி, மேலே ஏறினார்.

"அது அப்படி இல்லைங்க, அங்கே..." என்று ஒவிடியு ஆரம்பித்தார்.

வெதூரியா அவர் காலை ஓங்கி மிதித்தார்.

அக்லாயா நிறுத்திவிட்டார். "தப்பாப் பாடிட்டேனா? பாதியில ஓடிட்டேன் இல்லையா, மிச்சம் என்னன்னே தெரியலை. நாலு நாளா நானே எதையோ போட்டு நிரப்பிக்கிட்டிருக்கேன். அது எப்படித்தான் முடியும், சார்?"

நிறுத்தத்தில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கிழவர் குடைக் காம்பால் கதவைத் தட்டினார்.

ஒவிடியு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் அந்த மெட்டைச் சத்தமில்லாமல் முணுமுணுத்தன. விரல்கள் கைப்பிடிக் கம்பியில் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

"இன்னும் முடியலைங்க" என்றார்.

"அப்படின்னா?"

"இன்னொரு தடவை பாடுங்க."

"வண்டியை எடுக்கணுமே, சார்."

"எடுங்க. ஓட்டிக்கிட்டே பாடுங்க."

ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்து, சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

வெதூரியா கீழே இறங்கிக்கொண்டார்.