மிதவையில் எழுதிய பெயர்

கோரைத்துறையில் கடலுக்குப் போகிறவர்களுக்காக மூன்று மாதம் ஒரு வகுப்பு நடந்தது. பொற்கொடி டீச்சர் உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, இங்கே எறிகிற பிளாஸ்டிக் பை எந்தக் கரையில் ஒதுங்கும், அக்கரை நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். உலகக் குடிமக்கள் கல்வி என்று அதற்குப் பெயர். முடிவில் ஒருவரை அக்கரையில் நடக்கும் மீனவர் கூட்டத்துக்கு அனுப்புவதாக ஊர் மீனவர் சங்கம் சொல்லியிருந்தது.

அந்த ஓர் இடத்துக்கு மூன்று பேர் நின்றார்கள்.

மரியசிங்கம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒன்பது வருடத்துக்கு முன், எல்லை தாண்டினார் என்று அக்கரைக் கடற்படை அவரைப் பிடித்தது. ஆளை விட்டார்கள், படகை விடவில்லை. அது அங்கே துறைமுகச் சேற்றில் மக்கிக் கிடப்பதாகக் கேள்வி. அன்றிலிருந்து அடுத்தவர் படகுக்கு டிரைவர். அவர் வகுப்புக்கு வந்ததே அந்தப் பயணத்துக்காகத்தான். படகை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், பிடித்தவன் முகத்துக்கு நேராக ஏன் என்று கேட்க வேண்டும். அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

மற்ற இருவரும் அவர் ஓட்டும் படகிலேயே வேலை செய்கிறவர்கள். தேவசகாயம் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்வான். அருளப்பன் இளகிய மனசுக்காரன்.

வகுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது. இந்தப் பக்கம் மீன் இல்லையென்று எல்லைக்கு அந்தப் பக்கம் போய், கடலடியை வாரிவரும் மடிவலையை இழுத்தார்கள். மீனோடு, மடியில் சிக்கிக் கந்தலாகக் கிழிந்த வேறொருவர் வலையும் ஏறி வந்தது. அதன் மிதவையில் வெள்ளைப் பெயிண்டில் தவமலர் என்று ஒரு பெயர், கீழே போன் நம்பர்.

"வெட்டிக் கடல்ல விடுங்கண்ணே, எவன் பாத்தான்?" என்றான் தேவசகாயம்.

"பாவம்ணே, பொம்பளைப் பேரா இருக்கு" என்றான் அருளப்பன்.

"எம் படகைப் புடிச்ச ஊர்தானே. கிழியட்டும்" என்றார் மரியசிங்கம். ஆனால் மிதவையை அறுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கரையில் மூவரும் மூன்று காரியம் செய்தார்கள். நம் மடிகளால் அக்கரை வலைகள் அழிவதைப் பற்றித் தேவசகாயம் நாலு பக்கம் எழுதி வகுப்பில் வாசித்தான். டீச்சருக்கே கண் கலங்கியது. எந்தப் படகின் மடி என்று அதில் இல்லை. அருளப்பன் தன் கூலியில் புது வலை வாங்கி, தவமலரிடம் சேர்க்கச் சொல்லி, அக்கரைக்குப் போகிற பாதிரியாரிடம் கொடுத்தான். "யார் குடுத்ததுன்னு மட்டும் சொல்லிராதீங்க சாமி" என்று கேட்டுக்கொண்டான்.

மரியசிங்கம் அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"ஆர் கதைக்கிறது?"

"கோரைத்துறை மரியசிங்கம். உங்க வலையை அறுத்தது என் மடி. எல்லை தாண்டித்தான் இழுத்தேன்."

உடனே வந்தது திட்டு. "நான் இருந்து கட்டின வலை அது! என்ர பிள்ளையளுக்கு இனி என்னத்தைக் குடுக்கிறது? நெஞ்சில ஈரம் இல்லையோ உங்களுக்கு?"

அவள் முடிக்கிறவரை அவர் போனை வைக்கவில்லை. "எம் படகும் உங்க ஊர்லதான் ஒன்பது வருஷமா மக்குது. அதுக்கு நான் யாரைத் திட்டுறது?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? நேர வந்து கேளுங்கோ. எனக்கும் உங்களை நேர கேக்கக் கிடக்கு."

மறுநாள் வகுப்பில் இதை அவரே சொன்னார். சங்கச் செயலாளர் கொதித்துப்போனார்.

"வாயாலயே ஒத்துக்கிட்டு வந்திருக்கீரே! படகு லைசென்ஸே போயிரும். சரி, மன்னிப்புன்னு ஒரு வார்த்தையாவது கேட்டீரா?"

"கேக்கலை. எம் படகுக்கு அவுக மொதல்ல பதில் சொல்லட்டும்."

"உம்மை அங்க அனுப்பினா ஊர் மானம் கப்பலேறிரும்."

டீச்சர் முன்னால் தாள் இருந்தது. எழுத வேண்டியது ஒரே பெயர்.

வாசிக்கிறவர்களே, இந்த மூவரில் அந்த வகுப்பின் பாடத்தைக் கற்றவர் யார்? டீச்சர் யார் பெயரை எழுத வேண்டும்?

விடை: மரியசிங்கம். தேவசகாயத்தின் நாலு பக்கத்தை வைத்துத் தவமலர் யாரையும் கேள்வி கேட்க முடியாது. அருளப்பனால் அவளுக்கு வலை கிடைத்தது, கேட்க ஆள் கிடைக்கவில்லை. கேட்கிறவர் எந்தக் கரையில் இருந்தாலும், செய்தது நான்தான் என்று பெயர் சொல்லி நிற்கிறவரே உலகக் குடிமகன். மரியசிங்கத்தின் மனக்கசப்பு கடைசிவரை போகவில்லை. அதோடுதான் அவர் நின்றார். டீச்சரும் அவர் பெயரைத்தான் எழுதினார். சங்கம் அதை அடித்துவிட்டுத் தேவசகாயத்தை அனுப்பியது. அங்கே கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் எழுந்து, "மரியசிங்கம் எண்டவர் வரேல்லையோ?" என்று கேட்டாளாம். எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்கிற தேவசகாயம், அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.