அக்கா நிறுத்தச் சொன்ன இடம்

கோத்தகிரி மார்க்கெட் மேட்டில் ஹில்டா டீச்சரின் ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் படமெடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலைந்து பேருக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார். அந்த நாலைந்து பேரில் மூத்தவர் செவனு. டீச்சருக்கு வயது முப்பத்தைந்து. மாணவருக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. தேயிலை ஃபாக்டரியில் காலமெல்லாம் இலை உலர்த்தும் ட்ரையருக்கு விறகு போட்ட கை, கேமராவின் சின்னப் பொத்தான்களைத் தொடக் கொஞ்சம் தயங்கும்.

செவனு பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சின்னப் பிள்ளையிலேயே கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தாயிற்று. தாயில்லாத பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் அக்கா மூக்காயி. இத்தனை வருஷம் கழித்து, வருகிற மாதம் அந்த லயத்தைப் பார்க்கப் போகிறார். அக்காவால் முடியாது. கட்டிலை விட்டு வாசலுக்கு வரவே ஆள் பிடிக்க வேண்டும்.

“நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குக் காட்டுடா” என்று சொல்லிவிட்டாள். எட்டே நாள் பயணம். இன்னொரு தடவை போய்வரும்வரை அக்கா இருப்பாளா என்பதை மட்டும் செவனு நினைத்துப் பார்ப்பதில்லை.

அதனால்தான் உள்ளங்கை அளவு கேமராக்கள் இரண்டை எதிரே வைத்துக்கொண்டு அரை மணி நேரமாய் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், இது தூரத்து மலையையும் பக்கத்துல இழுத்துட்டு வருது. அது மங்கல் வெளிச்சத்துலயும் பளிச்சுன்னு எடுக்குது. எத எடுத்துட்டுப் போக?”

“பாக்கப் போறது நானா?”

“அக்காதான்.”

“அப்ப அக்காகிட்ட கேளுங்க.”

“அதுக்கு என்னா டீச்சர் தெரியும்? டிவி ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கும்.”

டீச்சர் சிரித்தார். இரண்டு கேமராவையும் பையில் போட்டார். ட்ரைபாட், நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் காக்கும் கிம்பல், மைக், கூடுதல் பேட்டரி என்று செவனு ஆசைப்பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார்.

“ஒரு வாரம் சுத்துங்க. எடுத்தத அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்க. அவங்க எங்க நிறுத்தச் சொல்றாங்களோ, அத மட்டும் வந்து எங்கிட்ட சொல்லுங்க.”

செவனு சுற்றினார். கோடநாட்டு மலைமுனையில் பனி விலகுவதை எடுத்தார். பதுளைச் சரிவு மாதிரியே இருந்த தேயிலைக் காட்டை, வெயில் சாயும்வரை காத்திருந்து எடுத்தார். பாறையிடுக்கில் செருகிய மூங்கில் வழியாகத் தண்ணீர் விழுந்த இடத்தில் காலே நகரவில்லை. பதுளைத் தோட்டத்தில் அதைப் பீலி என்பார்கள். சின்னப் பிள்ளையில் அக்கா அவரை அதனடியில் நிறுத்தி, கண்ணை இறுக்க மூடச் சொல்லி, தலையை அழுத்திப் பிடிப்பாள். ஐஸாய் இறங்கும். பிறகு முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். முந்தானையில் கொழுந்து வாசம் வரும்.

அடுத்த ஞாயிறு பையோடு வந்தார். முகம் சரியில்லை.

“என்ன ஆச்சு ஐயா?”

“ஒண்ணும் ஆகல. மலையக் காட்டுனேன், பூண்டு உரிச்சுச்சு. தேயிலைக் காட்டக் காட்டுனேன், ‘நல்லாருக்கு, நல்லாருக்கு’ன்னு கொட்டாவி விட்டுச்சு. பீலியக் காட்டுனேன், கொஞ்சம் பாத்துச்சு. திரும்பவும் பூண்டு.”

“எங்கயும் நிறுத்தச் சொல்லலையா?”

செவனுவுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“சொல்லிச்சு. பிசகா விழுந்த ஒரு இடத்துல. கேமரா ஓடுறது தெரியாம, லென்ஸத் தொடைக்கக் குனிஞ்சிருக்கேன். வாயப் பொளந்துக்கிட்டு, பூசணிக்கா மாதிரி என் மூஞ்சி. ‘நிறுத்து, நிறுத்து, திரும்பப் போடு’ன்னு மூணு தடவ போடச் சொல்லிருச்சு. ‘மப்ளர் கட்டாம எந்தக் காத்துலடா போய் நின்ன, மூக்கப் பாரு’ன்னு திட்டு வேற.”

“அந்தப் படம் எங்க?”

“அழிச்சிட்டேன் டீச்சர். பாடுபட்டு எடுத்ததெல்லாம் இருக்க, அதப் போயி வச்சுக்கிட்டு…”

டீச்சர் எழுந்துபோய் இரண்டு கேமராவையும் அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்தார். அதன் திரையைப் பக்கவாட்டில் விரித்து முன்பக்கம் திருப்பினார். திரைக்குள் செவனு தெரிந்தார்.

“இது பசங்க தன்னையே எடுத்துக்கிட்டு, பேசிக்கிட்டே போவாங்களே, அதானே?”

“அதேதான். கிம்பல் வேண்டாம். ட்ரைபாட் இருக்கட்டும்.”

“ட்ரைபாட் எதுக்கு?”

“கேமராவ மாட்டிட்டு நீங்க முன்னாடி போய் நிக்கணும்ல.”

“நான் எதுக்கு டீச்சர் நிக்கணும்? என் மூஞ்சியத்தான் அக்கா தெனமும் பாக்குதே. அது கேட்டது லயத்த.”

டீச்சர் கேமராவின் வாரை அவர் மணிக்கட்டில் மாட்டி, நழுவாதபடி இறுக்கினார்.

“அங்கிருந்து கெளம்பி வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“ஆறு.”

“ஆறு வயசுக்கு அப்புறம் உங்கள அந்த லயத்து வாசல்ல வச்சு அவங்க பாத்ததே இல்ல, ஐயா.”